எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டுமா?

“மலையகத்தில் குடும்ப நீதிமன்றம் எங்கே இருக்கிறது, உள்ளே அறை எப்படி இருக்கும்?” என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி அவ்வளவுதான் என்றால் பதிலும் ஒரே வரிதான். ஆனால் அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்தேன். அக்கா இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். கணவர் இரண்டு வருடமாகச் செலவுக்குத் தருவதில்லை. தாபரிப்பு, அதாவது மனைவி பிள்ளையின் செலவுக்குப் பணம், கேட்டு வழக்குப் போட்டாகிவிட்டது, அடுத்த தவணைக்கு அவர் சாட்சி சொல்ல வேண்டும். கணவரின் ஆட்கள் அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை அம்மாவோடு இருக்கிறது. அக்காவுக்குச் சிங்களம் கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான் தெரியும். இத்தனையும் எழுதிய ஒருவர் கட்டடத்தின் முகவரியைத் தேடவில்லை. வீட்டுக்குள் நடந்ததை அத்தனை பேர் முன்னால் அக்கா வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா, சொல்லும்போது அந்த மனிதர் எங்கே நிற்பார், யார் காதிலெல்லாம் விழும் என்றுதான் கேட்கிறீர்கள். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் சட்டத்தரணி அல்ல. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக 26 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மலையகத்தில் நான்கைந்து ஊர்களுக்கு மாற்றலாகிப் போயிருக்கிறேன். சாட்சிக் கூண்டுக்கு ஓர் அடி தள்ளி நிற்பதுதான் என் உத்தியோகம். சட்டப் புத்தகத்தைவிட அந்த ஓர் அடியை எனக்கு நன்றாகத் தெரியும். அக்காவின் பத்திரங்களை நான் பார்க்கவில்லை, அவருடைய வழக்கு வெல்லுமா தோற்குமா என்று என்னால் சொல்ல முடியாது. சட்டத்தில் எழுதியிருப்பதை உறுதியாகச் சொல்வேன். நீதிபதிக்கு நீதிபதி மாறும் வழக்கமாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு வந்து நீதிமன்றத்தில் முகம் வாடி நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் கட்டடம். குடும்ப நீதிமன்றம் என்று பலகை மாட்டிய தனி இடத்தைத் தேடி அலைய வேண்டாம். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் அப்படி ஒரு வகை நீதிமன்றத்தைப் பெயர் சொல்லி வைத்தது. பிறகு அந்த அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்திடமே வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே விவாகரத்து, பிள்ளை யாரிடம் இருப்பது ஆகியவை மாவட்ட நீதிமன்றத்தில். மனைவிக்கும் பிள்ளைக்கும் தாபரிப்புப் பணம் கேட்பது, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, நீதவான் நீதிமன்றத்தில். அடி உதைக்குப் பாதுகாப்புக் கட்டளை கேட்பதும், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, நீதவானிடம்தான். சிறிய ஊர்களில் ஒரே நீதிபதி இரண்டு ஆசனத்திலும் மாறி மாறி இருப்பதும் உண்டு. அதனால் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: “கோட்டுக்குப் போகிறது.”

கூட வேலை செய்யும் சிங்களப் பெண் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கையெழுத்துப் போட்டே விவாகரத்து வாங்கிவிட்டாரே, நமக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் கண்டிச் சிங்களவருக்குரிய கண்டியச் சட்டத்தின் கீழ் திருமணத்தைப் பதிந்திருப்பார். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் மாவட்டப் பதிவாளரிடமே காரியத்தை முடிக்க இடம் கொடுக்கிறது; இருவரும் இணங்கினாலே போதும். முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம் இருக்கிறது. மலையகத் தமிழரான நமக்கு இந்த இரண்டும் இல்லை, வடக்குத் தமிழருக்குரிய தேசவழமை என்ற வழக்கச் சட்டமும் நம்மைத் தொடாது. நமக்கு இருப்பது பொதுச் சட்டமான விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதில் விவாகரத்துக்குக் காரணம் மூன்றுதான்: திருமணத்துக்குப் பிறகு வேறொருவரோடு உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறை. “இரண்டு பேருக்கும் சம்மதம்” என்பது அந்த மூன்றில் இல்லை. எதிர்த்து வாதாட ஆளே வராத வழக்கிலும் ஒருவர் கூண்டில் ஏறி இவற்றில் ஒன்றை வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும். அக்கா இப்போது விவாகரத்து கேட்கவில்லை என்பதால் இதை இதோடு விடுகிறேன்.

இனி அந்த மண்டபம். நீதவான் நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் எதிர்ச் சுவரோடு ஒரு மேடை, அதன் மேல் நீதவானின் ஆசனம், தலைக்கு மேலே அரச இலச்சினை. மேடைக்குக் கீழே பதிவாளர், முதலியார் என்ற நீதிமன்ற உத்தியோகத்தர், சுருக்கெழுத்தாளர், கட்டுக் கட்டாக வழக்குக் கோப்புகள். அதற்கு முன்னால் சட்டத்தரணிகளின் நீண்ட மேசை. ஒரு பக்கம் சாட்சிக் கூண்டு, மறு பக்கம் எதிரிக் கூண்டு, பொலிஸாருக்கு ஒரு வாங்கு. அங்கிருந்து கதவு வரைக்கும் பொதுமக்கள் வாங்குகள். கள்ளச் சாராயமான கசிப்பு வழக்கு, ஆற்றில் களவாக மாணிக்கக் கல் தோண்டிய வழக்கு, பஸ் மோதிய வழக்கு, காணிச் சண்டையில் மண்டை உடைந்த வழக்கு, அவரவர் சொந்தக்காரர் என்று காலையில் அது நிரம்பி வழியும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் தாபரிப்புக்கு வந்த பெண்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். மழை நாளென்றால் நனைந்த குடையும் கம்பளிச் சட்டையும் சேர்ந்து ஒரு வாடை. ஆராச்சி என்ற நீதிமன்றச் சேவகர் பெயரைக் கூப்பிட்டால் வெளியே தேநீர்க் கடை வரைக்கும் கேட்கும்.

அந்த மண்டபம் குற்றம் விசாரிக்கக் கட்டியது. கணவன் மனைவி விவகாரத்தை அதற்குள் கொண்டுவந்து வைத்தால் அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரித்தான் இருக்கும். இதில் ஒரு விஷயத்தை அக்காவிடம் இன்றே சொல்லி வையுங்கள். தாபரிப்பு வழக்கு குற்ற வழக்கு அல்ல. ஆனாலும் சில நீதிமன்றங்களில் கணவரை எதிரிக் கூண்டிலேயே ஏற்றி நிறுத்துவார்கள். வேறு சில இடங்களில் கூண்டுக்கு வெளியே, பக்கத்தில் நிறுத்துவார்கள். இது வழக்கம், அவ்வளவுதான். கூண்டில் நிற்பதாலேயே அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார், அன்றைக்கே சிறைக்கும் போக மாட்டார். இதை யாரும் சொல்லி வைக்காததால், புருஷனை அந்தக் கூண்டில் பார்த்த நொடியில் மனம் உடைந்து, “எனக்கு ஒன்றும் வேண்டாம் ஐயா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போன பெண்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் ஆறு மாதத்துக்குள் அதே பிள்ளையோடு திரும்பி வந்தார்கள்.

எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு விடை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 106ஆம் உறுப்புரையின் முதல் பகுதி, நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும், யாரும் தடையின்றி வந்து இருக்கலாம் என்கிறது. அதனால்தான் கணவரின் அண்ணன் பின்வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் அவரை எழுந்து போகச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் இரண்டாவது பகுதி, குடும்ப உறவு சம்பந்தமான நடவடிக்கைகளிலும் பாலியல் விடயங்களிலும், தேவை என்று நீதிபதி கருதினால், வழக்கோடு நேரடித் தொடர்பு இல்லாதவர்களை வெளியேற்றலாம் என்கிறது. தேசியப் பாதுகாப்பையும் அதே பட்டியலில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் முதலாவதாக நிற்பது குடும்ப உறவுதான். இது மாவட்ட நீதிமன்றத்துக்கும் பொருந்தும், நீதவான் நீதிமன்றத்துக்கும் பொருந்தும். இதுவரை உறுதி.

அதைச் செய்வாரா மாட்டாரா என்பது நீதிபதியின் தற்றுணிபு. தற்றுணிபு என்றால் செய்யலாம், செய்யாமலும் விடலாம். நான் பார்த்தவரையில் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு விதத்தில் கிடைத்தது, கேட்காதவர்களுக்குத் தானாகக் கிடைத்தது அபூர்வம். அதற்கு நீதவானைக் குறை சொல்லவும் முடியாது. காலையில் அத்தனை கோப்பும் முன்னால் குவிந்திருக்கும்போது, கூண்டில் நிற்கும் பெண் வாய் திறக்காமல் இருப்பது பயத்தினாலா, வெட்கத்தினாலா, சொல்ல ஒன்றும் இல்லாததினாலா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பேசாமல் நின்றவரின் மௌனம் கோப்பில் பதிவாகாது. “சாட்சி பதில் சொல்லவில்லை” என்பதுதான் பதிவாகும்.

கேட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். வழக்கைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, மற்றவர்கள் போய் மண்டபம் காலியான பிறகு எடுப்பார்கள். அதிகம் நடப்பது இதுதான், யாருடைய மனமும் நோகாது, ஆனால் பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். அல்லது அந்த ஒரு வழக்குக்கு மட்டும் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார்கள். அல்லது நீதவானின் தனியறைக்கு அழைப்பார்கள். சமாதான அறை என்று சொல்வதும் அதைத்தான். மூன்றாவது எல்லோருக்கும் பிடித்தமானது, ஆனால் இடம் சிறியது. இரண்டு சட்டத்தரணிகள், கணவர், மனைவி, தட்டச்சு செய்பவர், நான் என்று ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்றால் கணவரின் மூச்சுக் காற்று மனைவியின் தோளில் படும். அடிக்குப் பயந்த பெண்ணுக்கு அதைவிடக் காலியான பெரிய மண்டபமே மேல். சட்டத்தரணி “சேம்பர்ஸில் எடுப்போம்” என்று உற்சாகமாகச் சொன்னால், அக்காவுக்கு எது வசதி என்று ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.

எப்படிக் கேட்பது? சட்டத்தரணி இருந்தால் சாட்சி தொடங்குவதற்கு முன்பே அவர் எழுந்து கேட்க வேண்டும்; பாதியில் அழுகை வந்த பிறகு கேட்பதைவிட அது மரியாதையாகவும் இருக்கும். முந்தைய தவணையிலேயே சொல்லி, கோப்பில் பதிய வைத்தால் இன்னும் நல்லது. சட்டத்தரணி இல்லையென்றால் பெயர் கூப்பிட்டதும் அக்காவே சொல்லலாம்: “இது குடும்ப விஷயம், எல்லோர் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, தனியாகக் கேட்க வேண்டும்.” சட்டச் சொல் எதுவும் வேண்டாம். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணியை ஏற்பாடு செய்து தரும். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், தோட்டச் சம்பளச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

கதவைச் சாத்தினாலும் கணவர் உள்ளேதான் இருப்பார். இதில் உங்களுக்கு நம்பிக்கை கொடுத்து ஏமாற்ற நான் விரும்பவில்லை. அவர் வழக்கின் மறு தரப்பு. தனக்கு எதிராகச் சொல்லப்படுவதைக் கேட்கவும், குறுக்குக் கேள்வி கேட்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. அவருக்குச் சட்டத்தரணி இல்லையென்றால் அவரே கேட்பார். ஆனால் அவமானப்படுத்தவும் தொந்தரவு கொடுக்கவும் கேட்கும் கேள்விகளை நீதிபதி தடுக்கலாம் என்று சாட்சியக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அப்படி ஒரு கேள்வி வந்தால் அக்கா கணவரைப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது. எந்தக் கேள்விக்கும் கணவரைப் பார்த்துப் பதில் சொல்லத் தேவையில்லை. முகம் நீதவான் பக்கம் இருக்கட்டும். பார்வை அந்தப் பக்கம் போனால் பேச்சு வீட்டுச் சண்டையாக மாறிவிடும். அப்படி மாறிய வழக்குகளில் என் மொழிபெயர்ப்பே மூச்சு வாங்கும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். உங்கள் அம்மா கூட இருக்கலாமா என்றால், கதவு திறந்திருக்கும்வரை தாராளமாக இருக்கலாம். சாத்திய பிறகு அவர் “நேரடித் தொடர்பு இல்லாதவர்” கணக்கில் வந்துவிடுவார். இருக்க வேண்டும் என்றால் அனுமதி கேட்க வேண்டும். அவரையே சாட்சியாகவும் போட்டிருந்தால், மகள் சாட்சி சொல்லும்போது வெளியே இருக்கச் சொல்வார்கள். இதை முன்கூட்டியே சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் அம்மா இல்லை என்றதும் அக்கா திடுக்கிடக் கூடாது.

திரை மறைவு, வீடியோ வழிச் சாட்சி என்று யாராவது சொன்னால், அது குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உரிய சட்டத்தில் வருவது. 2015இல் வந்த அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதியது வந்திருக்கிறது. தாபரிப்பு வழக்கில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்வேன். நம் பக்கத்து நீதிமன்றங்களில் வழக்கு நடப்பதும் பதிவாவதும் சிங்களத்தில். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் தரப்பினர் தமிழில் வழக்குத் தொடரலாம், தமிழில் பங்குகொள்ளலாம் என்கிறது. நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பை அரசுதான் தர வேண்டும். தனக்கு உரிய பதிவின் பகுதியைத் தமிழில் கேட்டுப் பெறவும் உரிமை உண்டு. இது யாரும் இரங்கிச் செய்யும் உதவி அல்ல. அக்காவுக்கு அரைகுறைச் சிங்களம் தெரியும் என்பதற்காக “சமாளித்துவிடுவேன்” என்று அவர் தலையாட்டிவிடக் கூடாது. கடைச் சிங்களத்தில் அரிசி வாங்கலாம், பத்து வருடத்து வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண், “அவர் குடித்தால் கை நீட்டுவார்” என்றார். சொல்லுக்குச் சொல் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். நீதவான் நிமிர்ந்து, எதை வாங்குவதற்குக் கை நீட்டுவார் என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. அந்தப் பெண்ணுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. தவறு என்னுடையது, திருத்திச் சொன்னேன், ஆனால் அதன் பிறகு அவர் முன்போலப் பேசவில்லை. இன்னொருவர் “மச்சான் அடித்தார்” என்றார்; மலையகத்தில் சில பெண்கள் கணவரை அப்படித்தான் சொல்வார்கள், சிங்களத்தில் கேட்பவருக்கு அடித்தவர் மைத்துனர் ஆகிவிடுவார். தாபரிப்பில் இன்னும் பெரிய ஆபத்து “பேர்” என்ற சொல். “அவருக்கு மாதம் பன்னிரண்டு பேர்தான் விழும்” என்றால் தோட்டத்தில் பிறந்தவருக்குப் பன்னிரண்டு நாள் வேலை என்று தெரியும். தெரியாத ஒருவர் மொழிபெயர்த்தால் பன்னிரண்டு ஆட்கள் எங்கிருந்து விழுந்தார்கள் என்று ஆகும், கணவரின் வருமானக் கணக்கு அங்கேயே கோணிப்போகும். ஆகவே அக்காவிடம் சொல்லுங்கள்: “கை நீட்டினார்” வேண்டாம், “கன்னத்தில் அடித்தார்” என்று சொல்லட்டும். “மச்சான்” வேண்டாம், “என் கணவர்” என்று சொல்லட்டும். “பேர்” வேண்டாம், “நாள்” என்று சொல்லட்டும். ஒரு மூச்சில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகாமல் நிறுத்தினால் மொழிபெயர்ப்பவரும் விழுங்காமல் சொல்வார். பிழையாகச் சொன்னதாகத் தோன்றினால், அவருடைய அரைகுறைச் சிங்களம் அதற்கு உதவும், அந்த இடத்திலேயே “நான் அப்படிச் சொல்லவில்லை” என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு முகம் சுண்டும். பரவாயில்லை.

மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்றால் பக்கத்தில் நிற்பவரை வைத்துச் சமாளிக்கச் சம்மதிக்காதீர்கள். தவணை தள்ளிப் போனாலும் போகட்டும். எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை, ஒரு முறை நான் விடுமுறையில் இருந்த நாளில் பாடசாலைச் சீருடையோடு வந்திருந்த மகனையே அம்மாவுக்கு மொழிபெயர்க்க வைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்பா அம்மாவை என்ன சொல்லித் திட்டினார் என்பதை அந்தப் பையன் தன் வாயால் இரண்டு மொழியிலும் சொல்லியிருக்கிறான்.

இதே எச்சரிக்கை நீதிமன்றத்துக்கு வெளியேயும் வேண்டும். பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கியிருப்பார்கள்; பிறகு கூண்டில் அதற்கு மாறாக ஒரு வார்த்தை வந்தால் அதை வைத்தே குறுக்குக் கேள்வி கேட்பார்கள். அதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். சத்தியம் செய்து கையொப்பமிடும் சத்தியக் கடதாசியும் அப்படித்தான். அதை உறுதிப்படுத்திக் கையொப்பம் வைப்பவர் சமாதான நீதவான்; தோட்டத்தில் அப்படி இருப்பவர் அநேகமாகச் சங்கத்து ஆளாகவோ கோயில் கமிட்டி ஆளாகவோ இருப்பார், கணவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போயிருப்பார். அக்காவின் கடதாசியில் உள்ளதை அவர் வாசிப்பது பிடிக்கவில்லை என்றால் டவுனில் வேறொரு சமாதான நீதவானிடமோ சத்தியப் பிரமாண ஆணையாளரிடமோ முடித்துக்கொள்ளலாம். இதில் தடை ஒன்றும் இல்லை.

பிள்ளை விஷயம். தாபரிப்பு வழக்கில் ஏழு வயதுப் பிள்ளையைக் கூண்டில் ஏற்ற வேண்டிய தேவை வராது. பிள்ளை யாரிடம் இருப்பது என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வந்தால்தான் நீதிபதி பிள்ளையைப் பார்க்க விரும்பலாம். அப்போது தனியறையில், பெற்றோர் இருவரையும் வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவதே நான் கண்ட நல்ல வழக்கம். குடும்ப ஆலோசகரிடமோ நன்னடத்தை உத்தியோகத்தரிடமோ அறிக்கை கேட்பார்கள், அவர் வீட்டுக்கும் வருவார். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பார்கள், ஆனால் தீர்மானிப்பது பிள்ளையின் நலன். விருப்பம் அதில் ஒரு பங்கு மட்டும். “அம்மாவிடம் இருக்கிறேன் என்று சொல்” என்று பாடமாக்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள். பாடமாக்கிய பிள்ளை கேட்காத கேள்விக்கும் அந்தப் பதிலையே சொல்லும். ஒரு சிறுமி பெயர் கேட்டதற்கே “அப்பா குடிப்பார்” என்றாள்.

1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம், சிறுவர் நீதிமன்றம் இயன்றவரை வேறு கட்டடத்தில் அல்லது வேறு அறையில், அதுவும் இல்லாவிட்டால் வேறு நாளில் வேறு நேரத்தில் கூட வேண்டும் என்று அன்றைக்கே எழுதி வைத்தது. கட்டடம் கட்டக் காசு இல்லாவிட்டாலும் நாளை மாற்றக் காசு வேண்டாம் என்பது அதன் பொருள். தாபரிப்பு வழக்குகளுக்கென்று கிழமையில் ஒரு நாளை ஒதுக்கும் நீதவான்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். அந்த நாளில் அதே மண்டபம், அதே கூண்டு, ஆனால் வாங்குகளில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே கவலையோடு வந்தவர்கள். பெண்கள் நிமிர்ந்து பேசினார்கள். மாற்றலாகி அடுத்தவர் வந்ததும் பழையபடி ஆகிவிட்டது. எனக்கு இதில் இன்றைக்கும் கோபம்தான்.

அடி உதையும் இருந்தது என்று ஜாடையாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 2005ஆம் ஆண்டின் சட்டத்தின்படி பாதுகாப்புக் கட்டளை கேட்பதைப் பற்றிச் சட்டத்தரணியிடம் பேசுங்கள். அவசரம் என்றால் இடைக்காலக் கட்டளை கிடைக்கும், விசாரணையை 14 நாட்களுக்குள் வைக்க வேண்டும், முழுக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். அக்கா தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் அதைக் கேட்கலாம். அந்த வழக்கில் தரப்பினர் யார் என்று அடையாளம் தெரியும்படி செய்தி வெளியிடுவது குற்றம். பெண்களுக்கான அழைப்பு எண் 1938, பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929.

கடைசியாக, எந்தச் சட்டத்திலும் இல்லாத ஓர் இடம்: நீதிமன்ற விறாந்தை. நான் பார்த்த மிரட்டல்களில் பாதிக்கு மேல் கூண்டில் நடக்கவில்லை, அங்கேதான் நடந்தன. மாமியார் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார், கொழுந்தன் “பேசித் தீர்த்துக்கொள்ளலாமே” என்பார், தோட்டத்துத் தலைவர் ஒருவர் எங்கிருந்தோ வந்து இரண்டு பக்கமும் சமாதானம் பேசுவார். பெயர் கூப்பிடும்போது அக்கா அந்தப் பேச்சில் மாட்டிக்கொண்டிருந்தால் வழக்கு தள்ளுபடி ஆகலாம். ஆகவே விறாந்தையில் நிற்காமல் உள்ளே, நீதிமன்றப் பொலிஸார் நிற்கும் பக்கத்து வாங்கில் இருக்கச் சொல்லுங்கள்; யாராவது தொந்தரவு செய்தால் அவரிடமே சொல்லலாம். விவாகப் பதிவுத் தாள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் அக்காவின் கையிலேயே இருக்கட்டும், “நான் வைத்திருக்கிறேன்” என்று கேட்கும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். முடிந்ததும் அடுத்த தவணைத் திகதியைப் பதிவாளரின் ஆட்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பஸ். மஸ்கெலியாவுக்குப் போகிற அதே பஸ்ஸில்தான் அவரும் அவருடைய ஆட்களும் ஏறுவார்கள், வளைவுக்கு வளைவு அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். பிள்ளைக்கு ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, ஒரு பஸ்ஸை விட்டு அடுத்ததில் போங்கள்.